குமிழியை எண்ணி வாங்கிய விளக்கு

தளவாய்புரத்தில் என் அக்கா வீட்டு முன்கூடத்தில் மூன்று தையல் மிஷின்கள் ஓடுகின்றன. மூன்றும் நைட்டி தைக்கத்தான். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரின் பெயரைச் சொன்னால் ஜவுளிக்காரர்களுக்கு நைட்டிதான் ஞாபகம் வரும். புதுத் துணி வந்து இறங்கியதும் அக்கா ஓரத்தில் ஒரு துண்டு கத்தரித்துக்கொண்டு, நாலைந்து நூல்கண்டுகளையும் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். வெயிலில் வைத்துத் துணியையும் நூலையும் மாறி மாறிப் பார்ப்பாள். கூடத்தில்தான் டியூப்லைட் எரிகிறதே, அங்கேயே பார்த்தால் ஆகாதா? ஆகாது. டியூப்லைட்டில் இரண்டும் ஒரே மெரூனாகத் தெரியும். வாசலில் வைத்துப் பார்த்தால் நூல் கொஞ்சம் பழுப்படித்திருக்கும்.

துணி மாறவில்லை, நூலும் மாறவில்லை. மாறியது வெளிச்சம். ஒரு பொருள் தன்மேல் விழுகிற நிறங்களில் சிலவற்றை விழுங்கிவிட்டு, மிச்சத்தைத்தான் நம் கண்ணுக்கு அனுப்புகிறது. விழாத நிறத்தை அதனால் அனுப்ப முடியாது. சூரிய ஒளியில் ஊதாவிலிருந்து சிவப்புவரை எல்லா நிறங்களும் இடைவெளியில்லாமல் இருக்கின்றன. விளக்குகளில் அப்படி இல்லை; ஒரு விளக்கில் சிவப்பு குறையும், இன்னொன்றில் நீலம் கூடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் மீன் தொட்டிக்கு விளக்கு வாங்கப் போகிறோம்.

அக்கா மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் எனக்குப் போன் போட்டான்.

“மாமா, தொட்டித் தண்ணி கீரைச் சாறு மாதிரி ஆயிருச்சு. மீனே தெரியல. செடிக்கு வெளிச்சம் பத்தலையோ? இன்னொரு லைட் வாங்கிப் போடவா?”

“எதையும் வாங்காதீங்க மருமகனே. சனிக்கிழமை நான் வாரேன்.”

போய்ப் பார்த்தேன். இரண்டடி நீளத் தொட்டி. உள்ளே ஏழெட்டுக் கப்பி மீன்கள், ஒரு கொத்து ஹைட்ரில்லா, ஓரத்தில் இரண்டு வாலிஸ்நேரியா. தண்ணீர் அவன் சொன்னபடியே பச்சைக் குழம்பு. மேலே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு விளக்கு. தொட்டி இருந்த இடம் மேற்குப் பார்த்த ஜன்னலோரம்; மூன்று மணிக்கு மேல் வெயில் நேராகக் கண்ணாடியில் விழுகிறது. விளக்கு எத்தனை மணி நேரம் எரியும் என்று கேட்டேன். விடிந்ததும் போட்டு, படுக்கப் போகும்போது அணைப்பானாம்.

“இருட்டுல செடி எப்படி மாமா சாப்பிடும்? பாவம்ல?”

நல்ல மனசு. ஆனால் செடிக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை நாமாக முடிவு செய்வதைவிடச் செடியிடமே கேட்டுவிடலாம். தண்ணீருக்குள் வளரும் செடி இதற்குப் பதில் சொல்லும். குமிழி விட்டுச் சொல்லும்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். சாயங்காலம் இருட்டிய பிறகு, ஜன்னல் சாத்திய அறையில் செய்யுங்கள். ஓர் உயரமான கண்ணாடித் தம்ளரில் ஒருநாள் பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றுங்கள். விரல் நீள ஹைட்ரில்லாத் துண்டு ஒன்றைக் கத்தரித்து, வெட்டிய முனை மேலே இருக்கும்படி தலைகீழாக உள்ளே விடுங்கள். மிதந்து வந்தால் சின்னக் கல் ஒன்றைக் கட்டிவிடலாம். மேஜை விளக்கைத் தம்ளரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். வெட்டிய முனையிலிருந்து குண்டூசித் தலை அளவில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போகும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி எழுதுங்கள்.

பிறகு விளக்கை இரண்டு சாண் தூரம் தள்ளுங்கள். மறுபடி ஐந்து நிமிடம் காத்திருந்து எண்ணுங்கள். அதன் பிறகு நாலு சாண்.

தூரம் கூடக் கூடக் குமிழி குறையும். வெளிச்சம் குறைகிற வேகம் உங்களை ஆச்சரியப்படுத்தும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் பாதியாகக் குறையும் என்றுதானே நினைப்போம்? அப்படியில்லை, கால்வாசியாகிவிடும். டார்ச்சைச் சுவரில் அடித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து பாருங்கள். தூரம் இரட்டிப்பானால் வெளிச்ச வட்டத்தின் அகலமும் உயரமும் இரட்டிப்பாகும். அதே வெளிச்சம் நாலு மடங்கு பரப்பில் பரவியாக வேண்டும். தொட்டியின் மேல் கிடக்கும் நீளமான டியூபில் இந்தக் கணக்கு இவ்வளவு கறாராக வராது. ஆனாலும் ஆழமான தொட்டியின் அடியில் வெளிச்சம் மெலிந்துபோவதற்கு இந்தப் பரவல் ஒரு முக்கியக் காரணம்.

மருமகன் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டான்: “இந்தக் குமிழி காத்துதான?” ஆமாம், அதில் பெரும்பங்கு ஆக்சிஜன். 1779ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் இங்கிலாந்தில் இருந்துகொண்டு இதைத்தான் செய்தார். இலைகளைத் தண்ணீரில் மூழ்கவைத்துக் குமிழிகளைச் சேகரித்தார். அந்த ஒரு கோடையில் மட்டும் 500க்கும் மேற்பட்ட சோதனைகள் செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். செடிக்குக் காற்றைச் சுத்தமாக்கும் சக்தியைத் தருவது சூரியனின் சூடு இல்லை, அதன் ஒளிதான் என்று காட்டினார். இருட்டில் அதே இலைகள் காற்றைக் கெடுக்கின்றன என்றும் கண்டார். இந்த இரண்டாவது செய்திக்கு நாம் திரும்பி வரவேண்டியிருக்கும்.

நம் நாட்டில் ஜகதீஷ் சந்திர போஸ் இதே ஹைட்ரில்லாவை வைத்து ஆராய்ந்தார். கல்கத்தாவில் 1917இல் அவர் தொடங்கிய நிலையத்தில், குமிழிகளை மனிதர் உட்கார்ந்து எண்ணவேண்டிய தேவையே இல்லாமல் ஒரு கருவியைச் செய்தார். ஒவ்வொரு குமிழி வெளியேறும்போதும் மின்சாரத்தின் உதவியால் அது தானாகவே பதிவாகிவிடும். 1924இல் ஒளிச்சேர்க்கை பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதினார். குளத்துக் குப்பை என்று நாம் வாரி எறியும் செடி, உலகப் புகழ்பெற்ற ஒரு விஞ்ஞானியின் மேஜையில் ஆண்டுக்கணக்கில் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது! இதைச் சொன்னதும் மருமகன் தம்ளரைக் கொஞ்சம் பயபக்தியோடு பார்த்தான்.

அடுத்து ஒரு வேடிக்கை செய்தோம். விளக்கை ஒரு சாணுக்கும் நெருக்கமாகக் கொண்டுபோனோம். குமிழி இன்னும் கூடவேண்டும் அல்லவா? கூடவில்லை. முன்னே இருந்த அளவிலேயே நின்றது. இரண்டாவது விளக்கையும் போட்டோம். அப்போதும் அப்படித்தான். பிறகு தம்ளரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டுக் கலக்கினோம். சிறிது நேரத்தில் குமிழிகள் மளமளவென்று கிளம்பின.

ஆப்ப சோடாவில் அப்படி என்ன இருக்கிறது? அது தண்ணீரில் கரையும்போது செடிக்குத் தேவையான கார்பன் கிடைக்கிறது. செடி வெளிச்சத்தைக் கொண்டு சமைக்கிறது. சமைக்கும் பண்டமோ கார்பன் டை ஆக்ஸைடு. காற்றில் அந்த வாயு தாராளமாக நகர்ந்துகொண்டிருக்கும். தண்ணீரில் அது நகரும் வேகம் காற்றில் இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. சாதாரணத் தொட்டித் தண்ணீரில் கரைந்திருக்கும் அளவும் மிகக் கொஞ்சம். காற்றோடு சமநிலைக்கு வந்த ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். அதனால்தான் நம் ஹைட்ரில்லா, இரண்டு விளக்குப் போட்டும் வேகம் கூட்ட முடியாமல் நின்றது. (இந்தச் சோடா வேலையைத் தம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீன் இருக்கும் தொட்டியில் போட்டால் தண்ணீரின் குணம் திடீரென்று மாறி மீன்கள் தவித்துப்போகும்.)

இங்கிலாந்துத் தாவரவியலாளர் பிளாக்மன் 1905இல் இதை ஒரு விதியாகவே சொன்னார்: ஒரு வேலைக்குப் பல பொருள் வேண்டுமென்றால், எது குறைவாக இருக்கிறதோ அதுதான் வேலையின் வேகத்தை முடிவு செய்யும். தளவாய்புரத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். மிஷின் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் தையல் போடும், கரன்ட் இருக்கிறது, தைக்கும் அத்தையும் வந்துவிட்டார். ஆனால் வெட்டிய துணி வரவில்லை. அன்றைக்கு நைட்டி எத்தனை? துணி எத்தனையோ அத்தனைதான். மோட்டாரை மாற்றிப் பெரிய மோட்டார் போட்டாலும் ஒரு நைட்டி கூடாது.

தொட்டியில் வெளிச்சம்தான் மோட்டார். மருமகன் வாங்க நினைத்த இரண்டாவது விளக்கு, துணி வராத கூடத்துக்குப் பெரிய மோட்டார்.

அப்படியானால் செடி பயன்படுத்தாத வெளிச்சம் சும்மா கிடக்குமா? கிடக்காது. தண்ணீரில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் இருக்கும். அவற்றின் உடம்பு அவ்வளவு சின்னது என்பதால், சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து கொஞ்சநஞ்சச் சத்தையும் எளிதாக இழுத்துக்கொள்ளும். மீன் கழிவும், மீன் தின்னாமல் விட்ட தீனியும் அவற்றுக்கு உரம். மேலே பதினாறு மணி நேர விளக்கு, பக்கவாட்டில் சாயங்கால வெயில். கோடிக்கணக்கில் பெருகித் தண்ணீரையே பச்சையாக்கிவிட்டன. பச்சையான தண்ணீர் உள்ளே இருக்கும் செடிக்கு வெளிச்சத்தை மறைக்கிறது. செடி வாடுவதைப் பார்த்து நாம் இன்னொரு விளக்கு வாங்கத் துடிக்கிறோம். எத்தனையோ வீட்டுத் தொட்டிகள் இப்படித்தான் பரணுக்குப் போகின்றன என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

இணையத்தில் காட்டுக்குள் நுழைவதுபோலத் தெரியும் அழகழகான செடித் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கலையை உலகம் முழுதும் பரப்பியவர் தகாஷி அமானோ என்ற ஜப்பானியப் புகைப்படக் கலைஞர். 2015இல் அவர் மறைவதற்குச் சில மாதங்கள் முன்னால், போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொட்டியை அமைத்தார். அந்த மாதிரித் தொட்டிகளில் விளக்குகள் பளீரென்று எரியும், உண்மைதான். ஆனால் அங்கே ஓர் உருளையிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருக்கும். உரமும் அளந்து ஊற்றுவார்கள். துணி வண்டி வண்டியாக வந்து இறங்கும் கூடம் அது. படத்தைப் பார்த்து விளக்கை மட்டும் வாங்கினால் நமக்குக் கிடைப்பது பச்சைத் தண்ணீர்தான்.

இப்போது கடைக்குப் போவோம். ஒரு விளக்குப் பெட்டியைத் திருப்பினால் மூன்று எண்கள் இருக்கும். வாட், லூமன், கெல்வின்.

வாட் என்பது விளக்கு சாப்பிடும் மின்சாரம். அது தரும் வெளிச்சம் எவ்வளவு என்று வாட் சொல்லாது. பழைய குண்டு பல்பு 60 வாட் தின்றுவிட்டுப் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்கும். இன்றைய எல்.இ.டி. டியூப் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தருகிறது. லூமன்தான் வெளிச்சத்தின் அளவு.

மருமகனோடு சேர்ந்து கணக்குப் போட்டோம். தொட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். பெருக்கினால் 54 லிட்டர். ஆனால் அடியில் மணல் ஐந்து சென்டிமீட்டர், மேலே மூன்று சென்டிமீட்டர் காலி. தண்ணீரின் உயரம் 22தான். எனவே ஏறக்குறைய 40 லிட்டர். தொட்டி வளர்ப்பவர்கள் அனுபவத்தில் வைத்திருக்கும் ஒரு கைக்கணக்கு உண்டு: உருளை வைக்காத எளிய தொட்டிக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் போதும். நாங்கள் 20 என்றே எடுத்துக்கொண்டோம். 40 லிட்டருக்கு 800 லூமன். கொஞ்சம் வெளிச்சம் பக்கவாட்டில் சிதறும் என்பதால் 10 வாட், இரண்டடி எல்.இ.டி. டியூப் ஒன்று. வீட்டு எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும் சாதாரண டியூப்தான். மீனுக்கென்று தனிப் பெயர் போட்ட பெட்டி வேண்டும் என்பதில்லை. தினம் ஏழு மணி நேரம் எரித்தால் இரண்டு மாதக் கரன்ட் பில்லில் அது சேர்ப்பது நாலு யூனிட் சொச்சம். இந்தக் கணக்கைக் கேட்டதும் அக்கா முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

கெல்வின் என்பது வெளிச்சத்தின் சாயல். கொல்லன் பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், இன்னும் சூடேறினால் வெளுக்கும் அல்லவா? அந்தச் சூட்டின் அளவைத்தான் நிறத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். 2700, 3000 என்றால் மஞ்சள் சாயல். 6500 என்றால் பகல்போல வெள்ளை. சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5800 கெல்வின். செடிக்கு இதில் பெரிய பிடிவாதம் இல்லை; 4000லும் வளரும், 6500லும் வளரும். பார்க்க நமக்குப் பிடித்ததை வாங்கலாம். நான் 6500 வாங்கச் சொன்னேன், தண்ணீர் தெளிவாகத் தெரியும் என்பதற்காக.

“அப்ப எதுக்கு மாமா எனக்குக் கத்தரிப்பூ கலர் லைட்டு குடுத்தாங்க? செடிக்கு அதுதான் நல்லதுன்னு சொன்னாங்களே?”

விற்றவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 1882இல் எங்கல்மன் என்ற ஜெர்மானியர், நூல்போன்ற ஒரு பச்சைப் பாசியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, முப்பட்டகத்தால் வெளிச்சத்தை வானவில்லாகப் பிரித்து அதன்மேல் விழச் செய்தார். ஆக்சிஜனைத் தேடி ஓடும் பாக்டீரியாக்களையும் அந்தத் தண்ணீரில் விட்டார். அவை எங்கே கூட்டம் கூடின தெரியுமா? சிவப்பு விழுந்த இடத்திலும் நீலம் விழுந்த இடத்திலும். அங்கேதான் பாசி அதிகமாக ஆக்சிஜன் விடுகிறது. விஞ்ஞானத்தில் நான் மிகவும் ரசிக்கும் சோதனைகளில் இது ஒன்று. அளக்கும் கருவிக்குப் பதில் உயிரோடு நீந்தும் சாட்சிகள்!

இலைப் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விரும்பி விழுங்குகிறது. பச்சையைத்தான் நிறையத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் இலை பச்சை. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் நம் கண்ணுக்குக் கத்தரிப்பூ நிறம். அந்த விளக்கில் செடி வளரும். ஆனால் வெள்ளை விளக்கிலும் சிவப்பும் நீலமும் இருக்கின்றனவே! அதோடு பச்சை ஒளியும் வீணில்லை. மேலிலையைத் தாண்டிக் கீழிலைகளுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே அதில் ஒரு பங்கு பயன்படுகிறது. கத்தரிப்பூ விளக்கின் கீழ் இலை கறுப்பாகத் தெரியும், மஞ்சள் கப்பி செங்கல் நிறமாகத் தெரியும். செடிக்கு நோய் வந்து வெளுத்தால்கூட நமக்குத் தெரியாது. வளர்க்கிறவன் செடியின் முகத்தைச் சரியாகப் பார்க்க முடிய வேண்டாமா?

வீட்டில் பழைய சி.டி. இருந்தால் விளக்கின் வெளிச்சத்தை அதில் சாய்த்துப் பாருங்கள். (சூரியனை மட்டும் இப்படிப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.) கத்தரிப்பூ விளக்கு நீலமும் சிவப்புமாக இரண்டு திட்டுகள் காட்டும். பழைய டியூப்லைட் தனித்தனிப் பட்டைகளாகக் காட்டும். வெள்ளை எல்.இ.டி. வானவில்லைக் கிட்டத்தட்டத் தொடர்ச்சியாகக் காட்டும். அந்த எல்.இ.டி.க்குள்ளும் ஒரு கதை உண்டு. அணைத்திருக்கும்போது பார்த்தால் மஞ்சள் பொட்டுகள் தெரியும். ஒவ்வொரு பொட்டின் அடியிலும் இருப்பது நீல விளக்கு. மேலே பூசிய மஞ்சள் பொருள் அந்த நீலத்தில் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாக மாற்றிவிட, இரண்டும் கலந்து வெள்ளையாகிறது. அந்த நீல எல்.இ.டி.யைச் செய்வதுதான் மிகக் கடினமாக இருந்தது. அதைச் சாதித்த மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் அமானோதான், ஹிரோஷி அமானோ. தொட்டி அமானோ வேறு, இவர் வேறு.

சில பெட்டிகளில் நான்காவதாக சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு நேர்மையாகக் காட்டும் என்பதற்கு மதிப்பெண் அது. 100க்குப் போட்டது. 80 பரவாயில்லை, 90 கிடைத்தால் மீனின் வாலில் உள்ள ஆரஞ்சும் நீலமும் அப்படியே தெரியும். அக்கா வாசலுக்கு ஓடுவது இந்த மதிப்பெண்ணுக்காகத்தான்.

விளக்கு வாங்கியாயிற்று. எத்தனை மணி நேரம் எரிப்பது? நம் ஊரில் வெயில் காலமானாலும் மழைக் காலமானாலும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். அதில் காலையிலும் மாலையிலும் வெளிச்சம் சாய்ந்துதான் விழும். எளிய தொட்டிக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். அதைவிட முக்கியம், தினமும் ஒரே நேரம். ஒருநாள் நாலு மணி, மறுநாள் பதினாலு என்று மாற்றினால் செடி தன் வேலையை ஒழுங்குபடுத்திக்கொள்ள முடியாது. பிளக்கில் செருகும் சின்ன டைமர் ஒன்று இருந்தால் மறதிப் பிரச்சினை இல்லை. பள்ளி விட்டு வந்து பார்க்க வசதியாக, பகல் இரண்டு மணியிலிருந்து இரவு ஒன்பதுவரை என்று வைத்தோம்.

மிச்ச நேரம் இருட்டாக இருக்கட்டும். மீனுக்கு இமை கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு தூங்க அதனால் முடியாது. விளக்கை நாம்தான் அணைக்க வேண்டும்.

இங்கன்ஹவுஸ் சொன்ன அந்த இரண்டாவது செய்திக்கு வருவோம். இருட்டில் செடி ஆக்சிஜன் விடாது. மீனைப் போலவே தானும் சுவாசித்து ஆக்சிஜனை எடுக்கும். பச்சைத் தண்ணீரில் உள்ள அத்தனை கோடிப் பாசிகளும் அப்படியே. விடிகாலையில் கப்பிகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதாக மருமகன் சொல்லியிருந்தான்; அது இதனால்தான். சூடும் இதில் சேர்ந்துகொள்ளும். 25 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 7தான். சித்திரை வெயிலில் ஜன்னலோரத் தொட்டி எப்படிக் கொதிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் வேலையாகத் தொட்டியைப் பாதி காலி செய்து, ஜன்னலை விட்டு உள்சுவருக்கு நகர்த்தினோம். பழைய தண்ணீரில் பாதியை அப்படியே வைத்து, மிச்சத்துக்குப் புதிதாகப் பிடித்துவைத்த தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். பிறகு மூன்று நாள் தொட்டியைத் துணியால் முழுக்கப் போர்த்திவைத்தோம். துணிக்கா பஞ்சம்! ஏர் பம்ப் மட்டும் இரவும் பகலும் ஓடியது. தீனி இல்லை. மூன்று நாள் பட்டினி வளர்ந்த மீனை ஒன்றும் செய்யாது. வெளிச்சமில்லாமல் மிதக்கும் பாசிகள் மடியும். தண்டிலும் வேரிலும் சேமிப்பு வைத்திருக்கும் செடி தாங்கிக்கொள்ளும்.

மின்சாரம் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. விளக்கை மாட்டுவது பெரியவர்கள் வேலை. விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே கண்ணாடி மூடி இருக்க வேண்டும். ஒயர் பிளக்கைவிடத் தாழ்வாக ஒருமுறை தொங்கி, பிறகு மேலேறிப் போகட்டும். அப்போதுதான் ஒயர் வழியே ஓடிவரும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். தொட்டிக்குள் கைவிடும் முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

குறைந்த வெளிச்சத்துக்கு எந்தச் செடி என்று கேட்டால், நிழலில் பிறந்தவற்றைச் சொல்வேன். ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் அருவிப் பக்கம் போயிருக்கிறீர்களா? நடுப்பகலிலும் ஓடையின் மேல் மரங்கள் கூடாரம் போட்டிருக்கும். தண்ணீரில் விழுவது இலைகள் சலித்து அனுப்பிய வெளிச்சம். ஆப்பிரிக்காவின் இப்படிப்பட்ட ஓடைகளிலிருந்து வந்தது அனுபியாஸ். ஜாவா ஃபெர்னும் ஈரப் பாறைகளில் ஒட்டி நிழலில் வளர்வதுதான். கிரிப்டோகோரைன் இனத்தில் சில நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளிலேயே இருக்கின்றன. அது கொஞ்சம் ரோஷக்காரச் செடி. இடமோ வெளிச்சமோ மாறினால் இலைகளைக் கரைத்துவிட்டுச் செத்ததுபோலக் கிடக்கும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேர் நன்றாக இருந்தால் சில வாரங்களில் புது இலை விடும்.

செடியைக் கடையில் வாங்குங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு துண்டு கேளுங்கள். மலை ஓடையிலிருந்து பிடுங்கி வரக்கூடாது. அந்தக் காடு 2021இலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். தொட்டியில் மிஞ்சியதை ஊர்க் கண்மாயில் கொட்டுவதும் கூடாது. நம் ஹைட்ரில்லா 1950களில் மீன் தொட்டி வியாபாரத்தின் வழியாக அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போய், அங்கே ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்துக்கொண்டது. முழு வெயிலில் நூறில் ஒரு பங்கு வெளிச்சம் இருந்தாலே அது பிழைத்துக்கொள்ளும். அந்த ஊர்க்காரர்கள் இன்றுவரை அதோடு போராடுகிறார்கள். வேறு நாட்டுச் செடி நம் கண்மாயில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆகாயத்தாமரையே சாட்சி.

ஹைட்ரில்லாவைத் தொட்டியில் வைத்திருப்பதில் தவறில்லை. வேகமாக வளர்ந்து பாசியின் உரத்தை அதுவே தின்றுவிடும். வாரம் ஒருமுறை கத்தரித்து, கத்தரித்ததைக் காயவைத்துச் செடிக்கு எருவாகப் போடுங்கள். 1850 வாக்கில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாவையும் ஒரே தொட்டியில் வளர்த்தார். இலைகள் அழுகிப் பாசி படிந்து தண்ணீர் கெட்டது. நத்தைகளை விட்டார்; அவை அழுகலைத் தின்று சுத்தம் செய்தன. அவரிடம் மின்விளக்கும் இல்லை, பில்டரும் இல்லை. மருமகன் தொட்டியில் இப்போது நாலு நத்தைகள் இருக்கின்றன.

ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். தண்ணீர் தெளிந்திருந்தது. ஹைட்ரில்லாவின் இலை நுனிகளில் ஊசிமுனைக் குமிழிகள் ஒட்டியிருந்தன. இரவு மணி எட்டு இருக்கும். அன்றைக்கு மழை, வாசலெல்லாம் இருட்டு. காலையில் முதல் வேலையாகத் தைக்க வேண்டிய துணி ஒன்று வந்திருந்தது. அக்கா நூல்கண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி நின்றாள். மருமகன் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துத் தொட்டிப் பக்கம் இழுத்து வந்தான்.

“இதுல பாரும்மா. இந்த லைட்டுக்குத் தொண்ணூறு மார்க்.”

அவள் துணியையும் நூலையும் விளக்கின் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கண்டைத் தனியாக எடுத்து வைத்தாள்.

“இதுதான்னு தோணுது. எதுக்கும் விடிஞ்சதும் வாசல்ல ஒருதரம் பாத்துக்கிடுவோம்” என்றாள்.